சங்கிலி வகையறா பிக்னிக்

தலையில் இடிக்கிறதா அக்கா? மன்னித்துக்கொள்ளுங்கள், இந்தப் பக்கம் சாய்த்துக்கொள்கிறேன். பிளக்ஸ்தான், சுருட்டி வைத்திருக்கிறேன். கட்சி பிளக்ஸ் இல்லை. கண்ணீர் அஞ்சலியும் இல்லை. கண்டக்டர்கூட, "யாரும்மா தவறிட்டாங்க?" என்று மெதுவாகக் கேட்டார். யாரும் தவறவில்லை என்றேன். அது முழு உண்மை இல்லை. இதில் இருப்பவர்களில் பாதிப் பேர் தவறியவர்கள்தான்.

இது எங்கள் குடும்பம் அக்கா. ஆறு தலைமுறை. சங்கிலி என்று ஒருவர் இருந்திருக்கிறார், அவரில் தொடங்கி, போன மாதம் பிறந்த குழந்தை வரைக்கும். எல்லோரையும் நானே விசாரித்து, நானே வரைந்தேன். இப்போது அதில் ஒரு பெயரை எடுத்துவிட்டு வேறு அடிக்கச் சொல்கிறார்கள். அதற்குத்தான், அளவு காட்ட இதையும் தூக்கிக்கொண்டு, சிவகாசி போகிறேன். நீங்களும் சிவகாசியா? அப்படியென்றால் சொல்கிறேன். எங்கள் வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாது. அங்கே ஏற்கெனவே எல்லோரும் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டார்கள். நீங்கள் வெளி ஆள், நீங்களே சொல்லுங்கள், இதில் என் தப்பு என்ன என்று.

நான்தான் எங்கள் வீட்டில் முதலில் டிகிரி வாங்கியவள். பி.எஸ்ஸி. புள்ளியியல். முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கும்போது, குடும்பத்தில் யார் யார், என்ன படித்தார்கள் என்று கேட்டார்கள். அப்பாவிடம் போய், தாத்தாவுக்கு உடன்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். "நாலோ அஞ்சோ இருப்பாங்க" என்றார். இருப்பாங்களாம்! சொந்தப் பெரியப்பன் சித்தப்பன்மாரை இப்படியா சொல்வது? அன்றைக்குப் பிடித்தது எனக்கு இந்தப் பைத்தியம். பைத்தியம் என்று நான் சொல்லவில்லை, அம்மா சொல்வது.

நான் ஒரு விதி வைத்துக்கொண்டேன். இரண்டு பேர் தனித்தனியாகச் சொன்னால்தான் ஒரு பெயரைச் சேர்ப்பேன். ஒருத்தர் மட்டும் சொன்னால், அது எவ்வளவு நிச்சயமாகத் தெரிந்தாலும், சேர்க்கமாட்டேன். எங்கள் கல்லூரியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். இன்னொன்று, பெண்களையும் சேர்த்தேன். எங்கள் பெரியப்பா குருவையா வாயாலேயே வம்சம் சொல்வார். சங்கிலி மகன் இருளப்பன், இருளப்பன் மகன் இன்னார் என்று மளமளவென்று வரும். அதில் ஒரு பெண்பிள்ளை பெயர்கூட இருக்காது. ஆம்பளைக்கு ஆம்பளை தானாகப் பிறந்து வந்த மாதிரி. நான் ஆண்கள் வழியை நீலக் கோட்டில் போட்டேன், பெண்கள் வழியைச் சிவப்புக் கோட்டில் போட்டேன். பார்க்க அழகாக இருக்கும். விரித்துக் காட்டுகிறேன், பஸ் கொஞ்சம் காலியாகட்டும்.

சரி, படம் வரைந்தாகிவிட்டது. சரிபார்க்க வேண்டாமா? வீடு வீடாகத் தூக்கிக்கொண்டு அலைய முடியுமா? எல்லோரையும் ஒரே இடத்தில் உட்கார வைத்தால் ஒரு நாளில் முடியும் என்று நினைத்தேன். அதற்குத்தான் பிக்னிக். பிளவக்கல் அணைக்குப் பக்கத்தில் மரமெல்லாம் இருக்கிறது இல்லையா, அங்கே. காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புவது, அவ்வளவுதான். அதற்கு நான் பட்ட பாடு இருக்கிறதே.

வாட்ஸ்ஆப்பில் குரூப் ஆரம்பித்து, பிக்னிக் என்று போட்டேன். முதல் பதிலே, "யாருக்கு மொட்டை?" இரண்டாவது பதில், "காது குத்தா?" இல்லை மாமா, சும்மா கூடுகிறோம் என்று போட்டால், அதற்கு ஒரு மாமா போன் செய்து, "சும்மா கூடுறோம்ங்கிற. பாகப்பிரிவினையா? எங்கிட்ட மட்டும் சொல்லு" என்கிறார். எங்கள் ஆட்கள் கல்யாணத்துக்குக் கூடுவார்கள், சாவுக்குக் கூடுவார்கள், குலசாமிக்குக் கிடாய் வெட்டினால் கூடுவார்கள். நான்காவதாக ஒரு காரணம் உலகத்தில் இருக்க முடியும் என்பதே அவர்களுக்குப் புரியவில்லை. பெரியப்பா, "சாமி கும்பிடாம எதுக்குத் தாயி கூடணும்?" என்றார். சரி பெரியப்பா, ஒரு சூடம் கொளுத்திக்கொள்வோம் என்றேன். அதற்குப் பிறகுதான் சம்மதித்தார்.

அடுத்தது வள்ளிமயில் அத்தை. அப்பாவுக்குச் சித்தப்பா மகள். வாட்ஸ்ஆப்பில் சொன்னது அழைப்பு ஆகாதாம். "நேர்ல வந்து குங்குமம் குடுத்துச் சொன்னாத்தான் நான் கிளம்புவேன். நான் பிறந்த வீட்டு விசேஷத்துக்குப் போன் பாத்துட்டா வர்றது?" குங்குமச் சிமிழோடு போய்ப் பிக்னிக்குக் கூப்பிட்டேன் அக்கா. நம்புகிறீர்களா? ஒருத்தருக்குக் கொடுத்தால் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். எல்லா வீட்டுக்கும் போனேன். அப்புறம் சாப்பாடு. பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டியவர்கள் கறி சாப்பிடக் கூடாது, கட்டாதவர்கள் கறி இல்லாமல் வரமாட்டார்கள். கடைசியில் புளிசாதம், எலுமிச்சை சாதம் என்று முடிந்தது. அதற்கு இன்றைக்கு வரைக்கும் திட்டு வாங்குகிறேன்.

அதைவிட, அன்றைக்கு என் தாய்மாமா வேனிலிருந்து இறங்குகிறார், கையில் தாம்பாளம், தேங்காய், பழம், பூ. "என்ன விசேசம்னு ஒருத்தனும் தெளிவாச் சொல்லல. வெறுங்கைய வீசிட்டு எப்படித் தாயி வர்றது?" என்கிறார். அந்தத் தட்டை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நாள் முழுக்க வைத்துக்கொண்டே திரிந்தார். மத்தியானம் ஒரு குரங்கு வாங்கிக்கொண்டது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். தெய்வேந்திரன் என்று ஒருவர் இருக்கிறார். வள்ளிமயில் அத்தையின் ஒரே மகன். மில்லில் எலக்ட்ரீசியன். முறைப்படி நான் மச்சான் என்று கூப்பிட வேண்டும். நான் அப்படிக் கூப்பிடுவதில்லை, கூச்சமாக இருக்கும். 'நீங்க' என்பேன், அவ்வளவுதான். இந்த விசாரணைக்கெல்லாம் அவர்தான் வண்டியில் கூட்டிக்கொண்டு போனார். அவருக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. பஸ் போகாத ஊருக்கு வேறு எப்படிப் போவது? காரியமாகத்தான் போனோம். நான் வீட்டுக்குள் பேசிக்கொண்டிருப்பேன், அவர் வெளியே வண்டியைத் துடைத்துக்கொண்டு நிற்பார். டீக்கடையில் எனக்குச் சொல்லும்போது, "ஒண்ணு சக்கரை இல்லாம" என்று அவரே சொல்லிவிடுவார். நான் சொன்னதே இல்லை. ஒரு தடவை பார்த்திருப்பார் போல.

என் சித்தப்பா மாடசாமியின் மனைவி, பஞ்சவர்ணம் சித்தி, அவருடைய ஊரில்தான் ஒரு பெயர் மாட்டியது. சித்தியின் அம்மாவைப் பெற்றவள் யார் என்று யாருக்குமே தெரியவில்லை. பிள்ளை பிறந்த கொஞ்ச நாளிலேயே அவள் போய்விட்டாளாம். வீட்டுக்காரர் வேறு கட்டிக்கொண்டார். வந்தவள்தான் குழந்தையை வளர்த்தாள். அதனால் எல்லோரும் வளர்த்தவளையே பெற்றவள் என்று நினைத்துக்கொண்டார்கள். ஒரு பூக்காரம்மாதான் முதலில் சொன்னது. "செத்தவ பேரு பேச்சி. சுண்டங்குளத்துச் சடைச்சிக்குக் கூடப் பிறந்த தங்கச்சி." ஒருத்தர் சொல்லியாகிவிட்டது. இரண்டாவது ஆள் வேண்டுமே. அப்படி ஒருவரைத் தேடி இன்னொரு ஞாயிற்றுக்கிழமை போனோம். கிடைக்கவில்லை. இன்னொரு ஞாயிறு போனோம். சைக்கிள் கடைப் பெரியவர் ஒருவர் அதையே சொன்னார். "போன்லயே கேட்டிருக்கலாமே, அதுக்கு எதுக்கு மூணு வாரம்?" என்று அம்மா இப்போது கேட்கிறார். போனில் கேட்டால் சரியாக இருக்காது அக்கா. முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும்.

அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமை திரும்பி வரும்போது, கண்மாய்க் கரையில் வண்டியை நிறுத்தினார். "வீட்ல ஜோதியப் பேசுறாங்க" என்றார். நாகஜோதி, சித்தப்பா மகள், என் தங்கச்சி. "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டார். நான் யோசித்துத்தான் சொன்னேன். நல்ல பெண், பொறுமைசாலி, தையல் தெரியும், கொஞ்சம் சீக்கிரம் அழுதுவிடுவாள், மற்றபடி ஒரு குறையும் இல்லை என்றேன். உண்மையைத்தானே சொன்னேன்? "வேற ஒண்ணும் சொல்றதுக்கு இல்லையா?" என்றார். பத்தாவதில் ஒரு தடவை பெயிலானாள், அப்புறம் எழுதிப் பாஸாகிவிட்டாள் என்றும் சொன்னேன். மறைக்கக் கூடாது இல்லையா. கொஞ்ச நேரம் வண்டியை எடுக்காமலே உட்கார்ந்திருந்தார். பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறார் என்று நினைத்தேன்.

அடுத்த வாரமே பூ வைத்துவிட்டார்கள். வைகாசியில் கல்யாணம்.

இல்லை அக்கா, எனக்கு ஒன்றும் இல்லை. அதைத்தானே எல்லோரும் கேட்கிறீர்கள். எனக்கு அந்த மாதிரி எண்ணமெல்லாம் கிடையாது. பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

பிக்னிக்குக்கு ஒரு வாரம் இருக்கும்போதுதான் கோடு போட உட்கார்ந்தேன். பேச்சியிலிருந்து சிவப்புக் கோட்டை இறக்கினேன். பேச்சி மகள், அவள் மகள் பஞ்சவர்ணம் சித்தி, சித்தி மகள் ஜோதி. அந்தப் பக்கம் பேச்சியின் அக்கா சடைச்சி. அவள் பெயர் ஏற்கெனவே படத்தில் இருந்தது. சடைச்சி மகள், அவள் மகள் வள்ளிமயில் அத்தை, அத்தை மகன் தெய்வேந்திரன். இரண்டு கோடும் ஒரே நீளத்தில் இறங்கி, ஒரே வரிசையில் வந்து நின்றன. உங்களுக்குத் தெரியாததா? அக்கா தங்கச்சி பிள்ளைகள் வழியாகவே வந்தால் என்ன முறை? அண்ணன் தங்கச்சி. நீலக் கோட்டில் போனால் அவர் ஜோதிக்கு அத்தை மகன், அருமையான முறை. சிவப்புக் கோட்டில் போனால் அண்ணன்.

நான் என்ன செய்ய முடியும் சொல்லுங்கள். பேச்சியை விட்டுவிட முடியுமா? இரண்டு பேர் சொல்லியிருக்கிறார்கள். யாரிடமாவது முன்கூட்டியே சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். எப்படிச் சொல்வது? நான் போய்ச் சொன்னால் கல்யாணத்தைக் கலைக்கிறேன் என்பார்கள். அதனால்தான் ஒன்றும் சொல்லாமல், இருப்பதை இருக்கிறபடி பெரிதாக அடித்து, மரத்தில் கட்டி வைத்துவிட்டேன். படத்தை யார் பார்க்கப்போகிறார்கள்? எங்கள் ஆட்கள் பத்திரிகையில்கூடத் தங்கள் பெயர் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

அப்படித்தான் பார்த்தார்கள் முதலில். அவரவர் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து, பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒரு மாமா, "என்னைய ஏன் அவனுக்குக் கீழ போட்ருக்க?" என்று சண்டைக்கு வந்தார். தலைமுறை அப்படி மாமா என்றால், "தலைமுறையாவது ஒண்ணாவது, அவனைவிட நான் மூத்தவன்" என்கிறார். இன்னொருவர், பெயருக்குப் பின்னால் ஐடிஐ என்று ஏன் போடவில்லை என்று கேட்டார். விட்டுப்போனதை எழுதச் சொல்லி ஒரு மார்க்கர் பேனா வாங்கி வைத்திருந்தேன். ஒருத்தரும் தொடவில்லை.

ஜோதிதான் வந்தாள். அவளுக்கு என் மேல் பிரியம் அதிகம். "அக்கா, எங்க அம்மா வழி எங்க இருக்கு? காட்டு" என்றாள். சிவப்புக் கோடு என்றேன். அவள் பூ வைத்த அன்றைக்குப் போட்ட மருதாணி இன்னும் போகவில்லை. அந்த விரலைத் தன் பெயரில் வைத்து மேலே போனாள். "இது அம்மா. இது அம்மாச்சி. இது யாரு, பேச்சியா? ஐ, பேச்சி!" அவளுக்கு ஒரே சந்தோஷம். பின்னால் நான்கைந்து பேர் கூடிவிட்டார்கள். பேச்சிக்குப் பக்கத்தில் சடைச்சி. விரல் அங்கே போனது. அங்கிருந்து இறங்கியது. சடைச்சி மகள். வள்ளிமயில் அத்தை. அதற்குக் கீழே போய் நின்றது. "அக்கா, இது..." என்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? தப்பாக வரைந்துவிட்டேன் என்று சொல்லச் சொல்கிறீர்களா? நான் தப்பாக வரையவில்லை. "பேச்சியும் சடைச்சியும் கூடப் பிறந்தவங்க ஜோதி. இதை ரெண்டு பேர் சொல்லியிருக்காங்க" என்றேன்.

"அப்ப முறை?" என்று யாரோ கேட்டார்கள்.

"நீலத்துல போனா வரும். சிவப்புல போனா வராது" என்றேன்.

அவ்வளவுதான் நான் பேசியது. அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

வள்ளிமயில் அத்தை புளிசாதத் தட்டைக் கீழே வைத்துவிட்டார். "எனக்கு இருக்கிறது ஒத்தப் பிள்ளை. நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆனா, ஊரு என்னையத்தான கேக்கும், தங்கச்சி முறையக் கட்டிவச்சயான்னு?" என்று பையை எடுத்துக்கொண்டு வேன் பக்கம் நடக்க ஆரம்பித்தார். ஜோதி அங்கே இருந்த ஊஞ்சலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு அழுகிறாள். சித்தப்பா என்னை அடிக்கவே வந்துவிட்டார். "படிக்க வச்சது இதுக்குத்தானா?" என்கிறார். என்னமோ அவர் படிக்க வைத்த மாதிரி.

அப்போதுதான் எங்கள் அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். மெதுவாகச் சொன்னதாக அவர் நினைப்பு. எல்லோருக்கும் கேட்டது. "இதுக்குத்தான் அவன் வண்டியில ஊரு ஊராச் சுத்துனியா? உனக்குக் கிடைக்கலன்னா அவளுக்கும் கிடைக்கக் கூடாதா?"

பெற்ற தாய் அக்கா. பெற்ற தாய் சொல்கிற வார்த்தையா இது? தெய்வேந்திரன் அங்கேதான் நின்றார், மரத்துக்குப் பக்கத்தில், கையில் தண்ணீர்க் கேனோடு. அவருக்கும் கேட்டிருக்கும். கேனைக் கீழே வைக்கக்கூட இல்லை.

கடைசியில் காப்பாற்றியது பஞ்சவர்ணம் சித்தி. ஜோதியின் அம்மாதான். அவர் அதுவரைக்கும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று, "ஏன் மாமா, இங்க வாங்க" என்று பெரியப்பாவைக் கூப்பிட்டார். "இந்தச் சிவப்புக் கோட்டுல போனா வள்ளிமயிலு மதினி எனக்கு அக்கா. நீலக் கோட்டுல போனா இந்த மனுசனுக்கும் அக்கா. அப்ப நானும் இவரும் யாரு? இருபத்தஞ்சு வருசமா நான் அண்ணனுக்கா சோறு போட்டேன்?"

அப்புறம் பின்னாலிருந்து ஒரு பையன், "சித்தி, ராக்கி வாங்கிட்டு வரவா?" என்றான். சிரித்தார்கள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. அணையில் தண்ணீர் பார்க்க வந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். சித்தப்பாவுக்கே சிரித்துப் புரையேறிவிட்டது. வேன் வரைக்கும் போன அத்தைகூட நின்று, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சித்தி சொன்னது சரிதான். எனக்கே அது தோன்றவில்லை. அவர்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போது, "சித்தி சொல்றது சரிதான், அந்தக் கல்யாணமும் முறை இல்லைதான்" என்று சொன்னேன். அதற்கும் என்னைத்தான் முறைத்தார்கள்.

பெரியப்பா மேல்துண்டை உதறித் தோளில் போட்டார். "இந்தா பாருங்க. ஒரு வழியில முறை வருது, ஒரு வழியில வரல. வர்ற வழிய வச்சுக்குவோம், வராத வழிய விட்ருவோம். ஊரு உலகத்துல எல்லாரும் அப்படித்தான பண்றான்? மாடசாமி குடும்பம் நல்லாத்தான இருக்கு? முடிஞ்சு போச்சு." அத்தையைப் பார்த்து, "ஏ வள்ளிமயிலு, வா, வந்து சாப்பிடு" என்றார்.

"பெரியப்பா, ரெண்டு வழியும் உண்மைதான்" என்றேன்.

"உண்மை ரெண்டு இருக்கக் கூடாது தாயி. ஒண்ணுதான் இருக்கணும். அந்தப் பேனாவக் குடு."

நான் வாங்கி வைத்த மார்க்கர். விட்டுப்போன பெயரை எழுதுவதற்காக வாங்கியது. அதை வாங்கி, மூடியைக் கடித்து எடுத்துவிட்டு, பேச்சியின் மேல் ஒரு இழுப்பு இழுத்தார். போதவில்லை என்று திரும்பத் திரும்ப அடித்தார். அக்காவுக்கும் தங்கச்சிக்கும் நடுவில் இருந்த கோட்டையும் அடித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமை தேடிக் கண்டுபிடித்த பெயர் அக்கா. செத்துப்போனபோது அவளுக்கு என் வயசுகூட இருந்திருக்காது. அவள் பெற்ற பிள்ளைக்கே தெரியாத பெயர். கைதட்டுகிறார்கள். அப்புறம் சூடம் கொளுத்தினார்கள். அப்புறம் மறுபடியும் சாப்பிட உட்கார்ந்தார்கள், கறி இல்லையே என்று என்னைத் திட்டிக்கொண்டே.

சாயங்காலம் பிளக்ஸை நான் தனியாக அவிழ்த்துக்கொண்டிருந்தேன். பெரியது, ஒருத்தரால் சுருட்ட முடியாது. தெய்வேந்திரன் வந்து அந்தப் பக்கத்தைப் பிடித்தார். அவர் அங்கிருந்து சுருட்டிக்கொண்டே வந்தார், நான் இங்கிருந்து.

"எப்பத் தெரியும்?" என்று கேட்டார்.

"போன வாரம். கோடு போடும்போது."

"எங்கிட்டயாச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"எல்லார்கிட்டயும் சேத்துச் சொல்லிரலாம்னு..." என்றேன்.

"பேச்சியத் தேடிப் போனப்ப, கண்மாய்க் கரையில நான் ஒண்ணு கேட்டேனே, ஞாபகம் இருக்கா?" என்றார்.

"இருக்கு. ஜோதியப் பத்திக் கேட்டீங்க. சொன்னேனே" என்றேன்.

என்னையே பார்த்தார். இரண்டு சுருளும் நடுவில் வந்து முட்டிக்கொண்டன. "சொன்னீங்க, சொன்னீங்க" என்று தன் பக்கத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். கோபம்தான். கல்யாணம் நின்றுபோகப் பார்த்ததே என்ற கோபம். இருக்காதா பின்னே?

அத்தோடு விட்டார்களா? நேற்று ஜோதி போன் செய்தாள். அந்தப் படத்தைக் கல்யாண மண்டப வாசலில் வைக்க வேண்டுமாம். பெரியப்பாவுக்குப் பிடித்துப்போய்விட்டது. வருகிறவர்கள் எங்கள் வகையறா எவ்வளவு பெரிது என்று பார்க்க வேண்டுமாம். "கறுப்பு அடிச்சத வைக்க முடியாதுக்கா. பேச்சி இல்லாம வேற ஒண்ணு அடிச்சுக் குடு. எனக்காகக்கா" என்று அழுகிறாள். சீக்கிரம் அழுதுவிடுவாள் என்று சொன்னேன் இல்லையா. சரி என்று சொல்லிவிட்டேன். இரண்டு வழியும் உண்மை என்று சொன்ன அதே வாயால் சரி என்றேன். ராத்திரி உட்கார்ந்து பேச்சியை எடுத்தேன். ஒரு பொத்தானை அழுத்தினால் போய்விடுகிறாள் அக்கா. அவளைக் கண்டுபிடிக்க அவ்வளவு நாள் ஆனது. எடுத்த இடத்தில் வெள்ளையாக ஒரு இடைவெளி தெரிந்தது. அதை எப்படி மூடுவது என்று தெரியவில்லை. சடைச்சியைக் கொஞ்சம் நகர்த்தி நடுவில் வைத்துவிட்டேன்.

நீங்களே சொல்லுங்கள், நான் பொறாமையில் செய்தேனா? பொறாமை இருந்தால் இப்படி நானே போய் அடித்துக் கொடுப்பேனா? மண்டப வாசலில் நானே கட்டவும் வேண்டுமாம்.

என்ன கேட்டீர்கள்?

ஓ. எனக்கும் அவருக்குமா. பார்த்தேன். எல்லோருக்கும் பார்த்தேன் இல்லையா, அதோடு சேர்த்துத்தான் பார்த்தேன். சரிபார்ப்பதற்காக. எங்கள் அம்மா வழியிலும் போய்ப் பார்த்தேன், அப்பா வழியிலும் போய்ப் பார்த்தேன். பேச்சியை வைத்துக்கொண்டு பார்த்தாலும் சரி, எடுத்துவிட்டுப் பார்த்தாலும் சரி, எந்தக் கோட்டில் போனாலும் அவர் எனக்கு அத்தை மகன்தான். ஒரு கோடுகூடத் தப்பவில்லை. மொத்தப் படத்திலும் இவ்வளவு சுத்தமாக முறை வருவது அந்த ஒரு இடத்தில்தான். அதை மட்டும் யாரும் கேட்கவில்லை.

நானும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? இரண்டு பேர் சொன்னால்தான் சேர்ப்பேன் என்று விதி வைத்திருக்கிறேன் இல்லையா. இதை நான் ஒருத்தி மட்டும்தானே சொல்கிறேன்.

பஸ் ஸ்டாண்ட் வந்துவிட்டது. அந்தச் சுருளைக் கொஞ்சம் எடுத்துக் கொடுங்கள் அக்கா. பார்த்து, மடங்கிவிடப் போகிறது.